சோக்கும் ஸ்க்ரூவும்: கார்புரேட்டர் வைத்த மஸில் காரைக் குளிரில் கிளப்புவது எப்படி?

பழைய அமெரிக்க மஸில் கார் வைத்திருப்பவருக்கு ஆளாளுக்கு ஓர் அறிவுரை சொல்வார்கள். காலையில் வண்டி கிளம்பவில்லையா, பெடலை நாலு மிதி மிதித்துவிட்டுச் சாவியைத் திருப்பு. ஐட்லிங், அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடுவது, தடுமாறுகிறதா, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில் இருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகு. கறுப்புப் புகை வருகிறதா, இன்னும் கொஞ்சம் திருகு. இவற்றில் பாதி உண்மை இருப்பதால்தான் இவை இன்னும் உலவுகின்றன. நாலு மிதி சில நாட்கள் பலிக்கும். பலிக்காத நாளில் பெட்ரோல் நாற்றமும் நனைந்த ஸ்பார்க் பிளக்கும்தான் மிச்சம். ஏன் என்று கேட்டால் "பழைய வண்டி, அப்படித்தான்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

அந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. இந்த வண்டிகள் செய்வதற்கெல்லாம் காரணம் உண்டு. குளிரில் கிளப்புவது பெட்ரோலை ஆவியாக்கும் பிரச்சினை. ட்யூனிங் என்பதோ பெரும்பாலும் தீப்பொறியை உரிய நேரத்துக்கு வரவைக்கும் வேலை. கார்புரேட்டரின் முறை அதற்குப் பிறகுதான் வரும். இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் எந்த அறிவுரையை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எந்த வண்டி, எந்த எஞ்சின்

நடுத்தர அளவுள்ள சாதாரணக் காரின் உடலில் பெரிய வி8 எஞ்சினைப் பொருத்தி, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்றதுதான் மஸில் கார். வி8 என்றால் எட்டு சிலிண்டர்கள் நான்கு நான்காக இரு வரிசையில் 'வி' வடிவில் அமைந்த எஞ்சின். 1964இல் வந்த பான்டியாக் ஜிடிஓவிலிருந்து இந்த வகையின் கதையைத் தொடங்குவது வழக்கம். அதில் இருந்தது 389 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 6.4 லிட்டர் எஞ்சின். அதன் பிறகு செவெல், கமாரோ, சார்ஜர், மஸ்டாங் என்று பட்டியல் நீண்டது.

நம் உதாரணத்துக்கு 1969ஆம் ஆண்டு செவர்லே கமாரோ எஸ்எஸ் 350ஐ எடுத்துக்கொள்வோம். 350 கன அங்குலம், 5.7 லிட்டர். எஞ்சினின் நடுவே, மேலே உட்கார்ந்திருப்பது ராச்செஸ்டர் குவாட்ராஜெட் என்ற நான்கு துளைக் கார்புரேட்டர். ஹாலி, கார்ட்டர், எடல்பிராக் கார்புரேட்டர்கள் உள்ள வண்டிகளுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். திருகும் இடங்கள்தான் மாறும்.

இன்றைய காரில் காற்று எவ்வளவு வருகிறது, எஞ்சின் எவ்வளவு சூடு என்பதையெல்லாம் சென்சார்கள் அளந்து ஒரு கணினிக்குச் சொல்லும். அது பெட்ரோலை அளந்து பீய்ச்சும். 1969 கமாரோவில் கணினி கிடையாது. ஒரு சுருள் தகடு, ஒரு மிதவை, படிக்கட்டு வெட்டிய ஒரு சின்ன நெம்புகோல், எஞ்சின் உறிஞ்சும் வேகம் ஆகியவையே அத்தனையையும் முடிவு செய்கின்றன. டெட்ராய்ட்டில் ஜனவரி இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஏழெட்டு டிகிரிக்கு இறங்குவது சாதாரணம். அந்தக் குளிரிலும் இவை வேலை செய்யும்படிதான் வடிவமைத்தார்கள்.

திரவம் எரிவதில்லை

பம்ப் ஸ்டவ் பற்ற வைத்தவர்களுக்கு இந்த விஷயம் ஏற்கெனவே தெரியும். டேங்கில் மண்ணெண்ணெய் இருக்கிறது, பம்ப் அடித்துக் காற்றழுத்தமும் ஏற்றியாகிவிட்டது. நேராகத் தீக்குச்சியைக் காட்டினால் என்ன ஆகும்? மஞ்சள் தீ குபீரென்று எழும்பி, புகையும் கரியும் கக்கும். அதனால்தான் பர்னருக்குக் கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட்டையோ கொஞ்சம் மண்ணெண்ணெயையோ ஊற்றி எரியவிட்டு, முதலில் பர்னரைச் சூடாக்குவார்கள். பர்னர் சூடானதும் அதன் குழாய்க்குள் வரும் மண்ணெண்ணெய் ஆவியாக மாறி வெளியே வரும். அப்போதுதான் 'உஸ்ஸ்' என்ற இரைச்சலோடு நீலத் தீ நிற்கும். எண்ணெய் அதே எண்ணெய்தான். மாறியது அதன் நிலை.

காரின் எஞ்சினுக்கும் இதே கட்டாயம் உண்டு. சிலிண்டருக்குள் தீப்பொறி பற்றவைப்பது பெட்ரோல் துளியை இல்லை. காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவியை. சூடான எஞ்சினில் ஏறக்குறைய 14.7 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ பெட்ரோல் என்ற விகிதத்தில் கலந்தால் இரண்டும் மிச்சமில்லாமல் எரிந்து தீரும். பெட்ரோல் இதைவிட அதிகமானால் அந்தக் கலவையை 'ரிச்' என்றும், குறைந்தால் 'லீன்' என்றும் மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

குளிரில் என்ன நடக்கிறது? கார்புரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல் மூடுபனிபோல் சிதறிக்கொண்டுதான் இறங்குகிறது. ஆனால் கீழே இருக்கும் இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது கலவையை எட்டு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் உலோகக் குழாய்த்தொகுதி, பனிபோல் குளிர்ந்து கிடக்கிறது. அதன் சுவரில் பட்ட பெட்ரோல் திரவமாகவே ஒட்டிக்கொள்கிறது. சிலிண்டருக்குள் போய்ச் சேரும் ஆவி மிகக் கொஞ்சம். கார்புரேட்டர் சரியான அளவைக் கொடுத்தாலும், தீப்பொறி பார்க்கும் கலவை லீனாக இருக்கிறது. அதனால் பற்றுவதில்லை.

அமெரிக்காவில் பெட்ரோல் தயாரிப்பவர்களே இதை ஓரளவுக்குச் சமாளித்துக் கொடுக்கிறார்கள். குளிர்காலப் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பியூட்டேனைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள், கோடையில் குறைத்துவிடுகிறார்கள். ஆகஸ்டில் டேங்கை நிரப்பி நிறுத்திய காரை ஜனவரியில் கிளப்பப் பார்த்து, கார்புரேட்டரைத் திட்டுகிறவர்கள் உண்டு. டேங்கில் இருப்பது கோடைப் பெட்ரோல், அதிலும் ஐந்து மாதப் பழசு. அங்கே கார்புரேட்டர் மேல் குற்றமே இல்லை.

கார்புரேட்டருக்குள் நடப்பது

கார்புரேட்டரின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால் குழாய் நடுவில் குறுகி, பிறகு விரிவது தெரியும். அந்தக் குறுகலுக்கு வென்சூரி என்று பெயர். காற்று அதன் வழியாகப் போகும்போது வேகம் கூடுகிறது, அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. பக்கத்தில் ஒரு சிறு தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது; மிதவை ஒன்று அதன் மட்டத்தை ஏறாமல் இறங்காமல் வைத்திருக்கிறது. தொட்டியின் மேல் சாதாரணக் காற்றழுத்தம், வென்சூரியில் குறைந்த அழுத்தம். இந்த வித்தியாசம் பெட்ரோலைத் தள்ளி வென்சூரிக்குள் கொட்டவைக்கிறது. வழியில் 'ஜெட்' என்ற நுண்ணிய துளையிட்ட பித்தளைத் துண்டு அளவைக் கட்டுப்படுத்துகிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். ஆக்சிலரேட்டர் பெடல் உண்மையில் பெட்ரோலைத் திறப்பதில்லை. கார்புரேட்டரின் அடியில் உள்ள த்ராட்டில் தகட்டைத் திறந்து காற்றை அனுமதிக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பெடலைச் சட்டென்று மிதித்தால் காற்று உடனே பாய்ந்துவிடும். காற்றைவிடக் கனமான பெட்ரோல் ஒரு கணம் பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பச் சின்ன பம்ப் ஒன்று பெடலோடு இணைந்திருக்கிறது. அதுதான் ஆக்சிலரேட்டர் பம்ப். எஞ்சின் ஓடாவிட்டாலும் ஒவ்வொரு மிதிக்கும் ஒரு பீய்ச்சு திரவப் பெட்ரோலை உள்ளே அனுப்பும். "நாலு மிதி" அறிவுரை எங்கிருந்து வருகிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும் வேகம் மிகவும் குறைவு. ஓடும் எஞ்சினின் ஐட்லிங் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. எண்ணெய் கெட்டியாகி இழுத்துப் பிடிக்கிறது. பேட்டரியும் மைனஸ் 18 டிகிரிக்குப் போனால் தன் பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடுகிறது. இவ்வளவு மெதுவாகச் சுற்றும்போது வென்சூரியில் காற்றின் வேகம் ஒன்றுமே இல்லை. உறிஞ்சும் சக்தி இல்லாததால் பெட்ரோலும் வராது.

ஆகக் குளிரில் இரண்டு சங்கடங்கள் ஒன்றாக வந்து சேர்கின்றன. வரும் பெட்ரோல் குறைவு. வந்ததிலும் ஆவியாவது குறைவு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்தாகத்தான் சோக்கை வைத்தார்கள்.

சோக் என்ன செய்கிறது

அம்பாசிடரோ பத்மினியோ ஓட்டியவர்களுக்கு டாஷ்போர்டில் இழுக்கும் குமிழாகச் சோக் நினைவிருக்கும். கமாரோவில் அந்தக் குமிழ் கிடையாது, அது தானியங்கிச் சோக். ஆனால் வேலை ஒன்றுதான். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் கார்புரேட்டரின் வாயில் ஒரு தகடு தெரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது வாயை ஏறக்குறைய முழுதாக மூடிவிடும்.

சோக் கூடுதல் பெட்ரோலை ஊற்றுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அதில் பெட்ரோல் வழியே இல்லை. மேல்வாயை அடைத்துவிட்டால், மெதுவாகச் சுற்றும் எஞ்சினின் உறிஞ்சல் முழுவதும் தகட்டுக்குக் கீழே உள்ள பெட்ரோல் துளைகள் மேல் விழுகிறது. காற்று குறைகிறது, பெட்ரோல் கூடுகிறது. கலவை அநியாயத்துக்கு ரிச்சாகிறது. அதில் பெரும்பகுதி திரவமாகவே வீணானாலும், ஆவியாகும் சிறுபகுதி பற்றுவதற்குப் போதுமானதாகிவிடுகிறது. விரயம்தான், தெரிந்தே செய்யும் விரயம்.

தகட்டை மூடவும் திறக்கவும் செய்வது இரட்டை உலோகச் சுருள். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டிச் சுருட்டியது அது. குளிரில் ஒரு பக்கமும் சூட்டில் மறுபக்கமும் வளையும். 1969 கமாரோவில் இந்தச் சுருள் கார்புரேட்டரில் இருக்காது. கீழே இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள ஒரு குழியில் உட்கார்ந்து, மெல்லிய கம்பி வழியாக மேலே உள்ள தகட்டை அசைக்கும். அந்தக் குழிக்கு அடியில் எக்ஸாஸ்ட் புகை போகும் ஒரு பாதை இருக்கிறது. வண்டி கிளம்பியதும் அந்தச் சூட்டில் மேனிஃபோல்டும் காய்கிறது, சுருளும் மெல்லத் தளர்ந்து சோக்கைத் திறக்கிறது. பம்ப் ஸ்டவ்வின் ஸ்பிரிட் கிண்ணம் செய்யும் வேலையை இங்கே எஞ்சினின் சொந்தப் புகையே செய்துகொள்கிறது. ஐம்பது ஆண்டுக் கரி சேர்ந்து இந்தப் பாதை அடைத்துவிட்டால் சுருளுக்குச் சூடு போகாது. எஞ்சின் கொதித்தாலும் சோக் மூடியே இருக்கும்; வண்டி கறுப்பாகப் புகைக்கும். பார்க்கிறவர் ஜெட்டை மாற்றச் சொல்வார்.

சோக்கோடு இணைந்த இரண்டு சின்ன உறுப்புகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது சோக் புல்-ஆஃப். எஞ்சின் பற்றிய மறுகணமே அது வேகமாகச் சுற்றத் தொடங்கி நிறையக் காற்று கேட்கும். தகடு இறுக மூடியிருந்தால் பெட்ரோலில் மூழ்கி அணைந்துவிடும். அப்போது உருவாகும் உறிஞ்சலைக் கொண்டே ஒரு ரப்பர் சவ்வு தகட்டைச் சில மில்லிமீட்டர் இழுத்துத் திறக்கிறது. "ஒரு நொடி ஓடி உடனே நின்றுவிடுகிறது" என்ற புகாருக்கு, கிழிந்துபோன இந்தச் சவ்வு அடிக்கடி காரணமாக இருக்கும். இரண்டாவது ஃபாஸ்ட் ஐடில் கேம். படிக்கட்டுபோல் வெட்டிய இந்தத் துண்டு, சோக் மூடியிருக்கும்வரை த்ராட்டிலைச் சற்றுத் திறந்தபடி தாங்கிப் பிடித்து, குளிர்ந்த எஞ்சின் அணையாமல் வேகமாக ஓடவைக்கும்.

ஒரு மிதி போதும்

கமாரோவின் சோக் தானியங்கிதான் என்றாலும் ஒரு மிதி இல்லாமல் மூடாது. ஃபாஸ்ட் ஐடில் கேமின் படியில் த்ராட்டிலின் ஸ்க்ரூ முட்டிக்கொண்டு நிற்பதால் சுருள் இழுத்தாலும் தகடு நகராது. பெடலைத் தரை வரை ஒருமுறை மெதுவாக மிதித்து விட்டால் அந்தப் பிடி விலகும். சோக் 'டக்'கென்று மூடும். கேம் உயர்ந்த படிக்கு வரும். ஆக்சிலரேட்டர் பம்ப்பும் ஒரு பீய்ச்சு கொடுத்திருக்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பாமல், ஏர் ஃபில்டரைக் கழற்றிவைத்துவிட்டு, ஒருவர் மிதிக்க மற்றவர் மேலே இருந்து பார்த்தால் இந்த மூன்றும் ஒரே அசைவில் நடப்பதைக் காணலாம். ஒருமுறை பார்த்தவர் அதன்பின் நாலு மிதி மிதிக்கமாட்டார்.

அதன்பிறகு பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். கால் பெடலிலேயே இருந்தால் த்ராட்டில் திறந்து, சோக்கின் உறிஞ்சலைக் கெடுத்துவிடும். கடுங்குளிரில் இரண்டு மிதி தேவைப்படலாம். அதற்கு மேல் போகிற ஒவ்வொரு மிதியும் மேனிஃபோல்டில் திரவமாகக் குட்டை கட்டுகிறது. எஞ்சின் பற்றியதும் இரைச்சலாக, வேகமாக ஓடும். அது கேமின் வேலை, பயப்பட வேண்டாம். அரை நிமிடம் கழித்துப் பெடலை லேசாகத் தட்டினால் ஸ்க்ரூ ஒரு படி இறங்கும், சத்தமும் அடங்கும்.

பெட்ரோல் மூழ்கிவிட்டால், அதாவது பிளக் நனைந்து நாற்றம் வந்துவிட்டால், பெடலைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். மீண்டும் மீண்டும் மிதிக்கக்கூடாது, அழுத்தியே வைத்திருக்க வேண்டும். அப்படி அழுத்தும்போது ஒரு நெம்புகோல் சோக்கை வலுக்கட்டாயமாகத் திறந்துவிடும். காற்று பாய்ந்து உள்ளே தேங்கியதை உலர்த்தும்.

பல வாரம் நின்ற வண்டியின் கதை வேறு. கார்புரேட்டரின் தொட்டியில் இருந்த பெட்ரோல் ஆவியாகித் தொட்டி காய்ந்திருக்கும். குவாட்ராஜெட்டில் தொட்டியின் அடியில் உள்ள அடைப்புகள் கசியும் பழைய நோயும் உண்டு. பெட்ரோல் இரவோடு இரவாக மேனிஃபோல்டுக்குள் இறங்கிவிடும். தொட்டியில் ஒன்றும் இல்லாதபோது எத்தனை மிதி மிதித்தாலும் பம்ப் எதைப் பீய்ச்சும்? இங்கே முதலில் பத்து விநாடி சும்மா சுற்றி, எஞ்சின் ஓட்டும் பெட்ரோல் பம்ப் தொட்டியை நிரப்ப விட வேண்டும். ஸ்டார்ட்டருக்குச் சற்று ஓய்வு கொடுத்துவிட்டுப் பிறகு ஒரு மிதி, சாவி.

கிளம்பியபின் கால்மணி நேரம் நிறுத்தியே சூடாக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லாதது. சோக் மூடியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழே எண்ணெயில் போய்க் கலக்கிறது. ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, பிறகு மெதுவாக ஓட்டிச் சூடாக்குவதே எஞ்சினுக்கு நல்லது. குவாட்ராஜெட்டில் சோக் முழுதாகத் திறக்கும்வரை பின்பக்கத்துப் பெரிய துளைகளைத் திறக்கவிடாத ஒரு பூட்டும் இருக்கிறது; அவசரக்காரர்களை அன்றைய பொறியாளர்கள் அறிந்தே இருந்தார்கள். கராஜ் கதவை மூடிக்கொண்டு ஒரு விநாடிகூட ஓடவிடாதீர்கள். ரிச்சான கலவை எரியும்போது கார்பன் மோனாக்சைடு ஏராளமாக வெளிவரும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு உயிரைக் குடிக்கும்.

இதுவரையிலானதைச் சேர்த்துச் சொன்னால்: குளிரில் ஆவி போதாது. சோக் கலவையை வேண்டுமென்றே ரிச்சாக்கி அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. ஒரு மிதி சோக்கைத் தயார்செய்கிறது, எஞ்சினின் சூடு அதை விலக்குகிறது.

ட்யூனிங்: முதலில் தீப்பொறி

கார்புரேட்டர் கோளாறுகளில் பெரும்பகுதி மின்சாரக் கோளாறுதான் என்று பழைய மெக்கானிக்குகள் கிண்டலாகச் சொல்வதுண்டு. தீப்பொறி தவறிய நேரத்தில் வந்தால் எஞ்சின் தடுமாறும், சூடாகும், பெட்ரோல் குடிக்கும். அத்தனையும் கார்புரேட்டர் செய்வதைப்போலவே தெரியும். அதனால் வரிசை முக்கியம்: பாயிண்ட், அடுத்து டைமிங், அதன்பின் ஐட்லிங்.

பாயிண்ட் என்பது, தீப்பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சிறு மின்தொடர்பு. அது மூடியிருக்கும்போது இக்னிஷன் காயிலில் சக்தி சேர்கிறது. திறக்கும் கணத்தில் தீப்பொறி பாய்கிறது. எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதை டிகிரியில் அளப்பார்கள், அதற்கு டுவெல் என்று பெயர். இந்தச் செவர்லே வி8க்கு 30 டிகிரி. பாயிண்டைத் தள்ளும் சிறு கட்டை தேயத் தேய டுவெல் மாறும், கூடவே டைமிங்கும் நகரும். அதனால்தான் இதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

இந்த டிஸ்ட்ரிபியூட்டரில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதன் மூடியில் ஒரு சின்ன உலோக ஜன்னல். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலைத் தூக்கி, எட்டில் ஓர் அங்குல ஆலன் கீயை நுழைத்து, எஞ்சின் தடுமாறத் தொடங்கும்வரை வலப்பக்கம் திருகி, பிறகு அரைச் சுற்று பின்னால் வந்தால் டுவெல் ஏறக்குறைய சரியாகிவிடும். மீட்டர் இருந்தால் 30க்குக் கொண்டுவரலாம். மீட்டர் இல்லாத கிராமத்து மெக்கானிக்கையும் மனத்தில் வைத்துச் செய்த வடிவமைப்பு.

அடுத்து டைமிங். கலவை பற்றியவுடன் முழுதாக எரிந்துவிடுவதில்லை; தீ பரவ நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குச் சில டிகிரி முன்பே தீப்பொறி வர வேண்டும். எஞ்சின் வேகம் கூடக்கூட இன்னும் முன்னால் வர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள எடைக்கட்டிகள் சுழலும் வேகத்தில் விரிந்து இதைச் செய்கின்றன. டைமிங் லைட்டை முதலாம் சிலிண்டரின் வயரில் மாட்டி, எஞ்சினின் முன்பக்கச் சக்கரத்தில் உள்ள கோட்டின் மேல் ஒளியைக் காட்டினால், சுழலும் கோடு அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அது பக்கத்தில் உள்ள அளவுகோலில் எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறதோ அதுதான் டைமிங். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் மெல்லிய வேக்கம் (உறிஞ்சல்) குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இல்லையென்றால் தவறான எண் கிடைக்கும். 350 எஞ்சினில் நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் மொத்தம் 34 முதல் 36 டிகிரி என்பது பலரும் வைத்துக்கொள்ளும் இலக்கு. ஐட்லிங்கில் எவ்வளவு என்பதற்கு அந்த ஆண்டின் சர்வீஸ் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்க்ரூ மாற்றுவதும் மாற்றாததும்

இப்போது கார்புரேட்டருக்கு வரலாம். எஞ்சின் முழுதாகச் சூடாகி, சோக் திறந்திருக்க வேண்டும்.

குவாட்ராஜெட்டின் முன்பக்கத்து அடியில் இரண்டு மிக்ஸ்சர் ஸ்க்ரூக்கள் இருக்கின்றன. இவை ஐட்லிங் கலவையை மட்டுமே கட்டுப்படுத்தும். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பெட்ரோல் வருவது ஜெட் வழியாக. அந்த நேரத்தில் இந்த ஸ்க்ரூக்களுக்குப் பெரிதாக வேலை எதுவும் கிடையாது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை என்று இவற்றைத் திருகுவதில் பயன் இல்லை.

எஞ்சின் நின்றிருக்கும்போது ஸ்க்ரூவை மென்மையாக உள்ளே முட்டும்வரை திருகி, ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுப்பது தொடக்க நிலை. பலமாக இறுக்கினால் ஊசிமுனையில் வளையம் விழுந்துவிடும், பிறகு நுணுக்கமாகச் சரிசெய்யவே முடியாது. எஞ்சினைக் கிளப்பி, வேக்கம் அளவியை மேனிஃபோல்டில் இணைக்க வேண்டும். அது எஞ்சினின் உறிஞ்சலைப் பாதரச அங்குலத்தில் காட்டும். நல்ல நிலையில் உள்ள சாதாரண எஞ்சினில் ஐட்லிங்கில் 16 முதல் 21 வரை நிற்கும். ஒரு ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருகி முள் அதிகபட்சம் ஏறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அடுத்த ஸ்க்ரூவிலும் அதையே செய்யுங்கள். ஐட்லிங் வேகம் கூடியிருக்கும். அதைத் தனி ஸ்க்ரூவால் குறைத்துவிட்டு மறுபடியும் ஒரு சுற்று. முள் ஒரே இடத்தில் அதிராமல் நின்றால் வேலை முடிந்தது.

சில வண்டிகளில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முழுதாக மூடினாலும் எஞ்சின் கவலைப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது ஸ்க்ரூவில் தேடுவது வீண். ஐட்லிங் வேகத்தைக் கூட்டுவதற்காக யாரோ த்ராட்டில் தகட்டை அதிகமாகத் திறந்துவைத்திருப்பார்கள். அதனால் மேலேயுள்ள இன்னொரு துளை வெளிப்பட்டு, அதன் வழியாகப் பெட்ரோல் வந்துகொண்டிருக்கும். ஏன் அவ்வளவு திறக்க வேண்டியிருந்தது என்று தோண்டினால் பெரும்பாலும் டைமிங் பின்தங்கியிருப்பது தெரியவரும். ஸ்க்ரூவுக்கு எஞ்சின் ஓரளவு அசைந்தும் முள் தாழ்ந்தே நின்றால், வேக்கம் குழாய்கள் எங்காவது வெடித்துக் காற்று உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஐம்பது வயது ரப்பர் வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பெடலை அழுத்தியதும் ஒரு கணம் தயங்கிப் பிறகு பாய்ந்தால் ஆக்சிலரேட்டர் பம்ப்பைப் பாருங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது த்ராட்டிலை அசைத்தால், கார்புரேட்டர் வாயில் இரண்டு தாரைகள் உடனடியாகத் தெரிய வேண்டும்.

பெரிய கார்புரேட்டர் ஆசை

எஞ்சினை வலுவாக்க முதலில் பெரிய கார்புரேட்டர் வாங்குவது மஸில் கார் பிரியர்களின் தொன்றுதொட்ட வழக்கம். கார்புரேட்டரின் கொள்ளளவை நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்று அளப்பார்கள். 350 கன அங்குல எஞ்சின், உச்ச வேகம் நிமிடத்துக்கு 5500 சுற்று. இரண்டையும் பெருக்கி 3456ஆல் வகுத்தால் 557 கன அடி. தெருவில் ஓடும் சாதாரண எஞ்சினில் சிலிண்டர்கள் நூறு சதவீதம் நிரம்புவதில்லை. 85 சதவீதம் என்று வைத்தால் 473. அறுநூறு கன அடி ஹாலியோ எடல்பிராக்கோ தாராளமாகப் போதும். அதைவிட மிகப் பெரிதாகப் போட்டால் வென்சூரியில் காற்று மெதுவாகப் போகும், உறிஞ்சல் பலவீனமாகும், தெருவில் ஓட்டும் வேகத்தில் கலவை தாறுமாறாகும். குளிரில் நாம் பார்த்த அதே சங்கடம் சூடான எஞ்சினுக்கும் வந்து சேரும்.

அப்படியானால் 750 கன அடி குவாட்ராஜெட்டைச் செவர்லே நிறுவனமே ஏன் இந்த எஞ்சினில் பொருத்தியது என்று கேட்கலாம். அதன் முன்பக்கத்து இரண்டு துளைகள் சிறியவை, சுமார் 35 மில்லிமீட்டர் விட்டம். அன்றாட ஓட்டம் முழுதும் அவற்றில்தான். காற்று அங்கே வேகமாகவே போகும். பின்பக்கத்து இரண்டும் 57 மில்லிமீட்டர் வாய் கொண்டவை. பெடலை முழுதாக மிதித்தாலும் அவை உடனே காற்றை விட்டுவிடுவதில்லை; மேலே ஒரு ஸ்பிரிங் தகடு அவற்றை மூடியிருக்கும். எஞ்சின் எவ்வளவு காற்றைக் கேட்கிறதோ அந்த அளவுக்கு மட்டுமே அந்தத் தகடு சரியும். 473 கேட்கும் எஞ்சினுக்கு 750 வாய் முழுதாகத் திறப்பதே இல்லை.